சிக்கனம் தெரியாத சனமா?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எந்த மண்டபத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், சாமான் விலை பற்றிய பேச்சு தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். விலை கூடித்தான் இருக்கிறது, ஆனால் எங்கட சனத்துக்குச் செலவழிக்கத் தெரியாது. ஃபிளையர் பார்க்க மாட்டார்கள், பட்டியல் எழுதிக்கொண்டு போக மாட்டார்கள், தேவைக்கு மேல் வாங்கி ஃபிரிட்ஜில் அழுகவிடுவார்கள், சமைக்கப் பஞ்சிப்பட்டு ஃபோனில் சாப்பாட்டுக்குச் சொல்லுவார்கள். தீர்ப்புச் சொல்பவர் பெரும்பாலும் தொண்ணூறுகளிலோ அதற்கு முன்னரோ வந்திறங்கியவர். வீட்டுக்கடன் கட்டி முடித்தவர். இரண்டு வேலை செய்து, கோழிக்காலும் உருளைக்கிழங்குமாய்ச் சமைத்துச் சாப்பிட்டு, தம்பி தங்கைகளை இங்கே கூப்பிட்டெடுத்தவர். அவர் பட்ட கஷ்டம் பொய்யில்லை. அந்தக் கஷ்டத்திலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் பிழை.

மண்டபத்தோடு நிற்கிற பேச்சு என்றால் சோற்றுக் கோப்பையோடு சேர்த்து மறந்துவிடலாம். ஆனால் வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஆலோசனைகள், பத்திரிகைகளின் வார இறுதிப் பக்கங்கள், மாதம் முந்நூறு டொலரில் சமையல் செய்து காட்டும் காணொளிகள் என எல்லாவற்றிலும் இதே பாடம்தான். விலை வானிலை போல, அதை யாரும் கேள்வி கேட்க முடியாது, நீதான் குடை பிடிக்கப் பழக வேண்டும். ஊரில் இருக்கிற உறவினர்களிடம் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு: டொலரில் உழைக்கிறவனுக்கு என்ன குறை? சம்பளத்தை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கிறவர்கள் வாடகையையும் அப்படிப் பெருக்கிப் பார்த்தால் அந்தக் கேள்வி அத்தோடு முடிந்துவிடும். இங்கேயே இருந்துகொண்டு, இதே கடைகளுக்குப் போய்வந்துகொண்டு, குற்றத்தை வாங்குகிறவர் தலையில் போடுகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

முதலில் வீட்டுக் கணக்கு. ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் எது அசையும், எது அசையாது? வாடகை அசையாது. வீட்டுக்கடன் தவணை அசையாது. கார் காப்புறுதி, ஃபோன் பில், பிள்ளை பார்க்கக் கொடுக்கும் காசு, எதையும் இந்த மாதம் கொஞ்சம் குறைத்துக் கட்டுகிறேன் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லக்கூடிய இடம் சாப்பாட்டுக் காசு ஒன்றுதான். 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த தன் வட்டியைக் கனடா வங்கி 2023 ஜூலைக்குள் 5 வீதமாக்கியது. மாறும் வட்டியில் வீடு வாங்கிய பலருக்குத் தவணை ஏறியது. தவணை ஏறியவர் பேஸ்மென்ட் வாடகையை ஏற்றினார். பேஸ்மென்டில் இருந்தவருக்கு ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை; அவர் இறைச்சி வாங்குவதை நிறுத்தினார். சிக்கனமாய் இரு என்று யாருக்குப் புத்தி சொல்கிறோமோ, அவர் அதை முன்னமே செய்து முடித்துவிட்டவர்.

சம்பளக் கணக்கும் இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 14.25 டொலர். 2024 ஏப்ரலில் 16.55. பதினாறு வீத ஏற்றம். அதே மூன்று ஆண்டுகளில் கடையில் வாங்கும் உணவின் விலை, அரசின் புள்ளிவிவரக் கணக்கின்படியே, இருபது வீதத்தைத் தாண்டி ஏறியிருந்தது. இது மணிக்கணக்குச் சம்பளமாவது கிடைக்கிறவரின் நிலை. வேலையில்லாமல் சமூக உதவிப் பணத்தில் இருக்கும் தனியாளுக்கு ஒன்ராறியோ மாதம் அதிகபட்சம் 733 டொலர் கொடுக்கிறது. 2018இல் இருந்து அந்தத் தொகை அசையவில்லை. அதற்குள் வாடகையும் அடக்கம். அவர் எந்தப் பட்டியலை எழுதிக்கொண்டு எந்தக் கடைக்குப் போவது?

இந்த இடத்தில் கொஞ்சம் படித்தவர்கள் குறுக்கிடுவார்கள். பணவீக்கம்தான் குறைந்துவிட்டதே, இன்னும் ஏன் புலம்பல்? 2022 ஜூனில் 8.1 வீதமாக இருந்த பொதுப் பணவீக்கம் 2024 செப்டம்பரில் 1.6 வீதத்துக்கு வந்தது உண்மை. ஏறிய விலை இறங்கிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஏறுகிற வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏறியது ஏறியபடி இருக்க, அதன் மேல் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. அந்த ஆறுதலும் நீடிக்கவில்லை. 2025 நவம்பரில் கடை உணவின் விலை முந்தைய ஆண்டைவிட 4.7 வீதம் கூடியிருந்தது. மாட்டிறைச்சியும் கோப்பியும் முன்னே நின்று இழுத்தன.

இனித் தீர்ப்புச் சொல்கிறவர்களின் முதல் ஆயுதத்துக்கு வருவோம்: கடை மாற்றிப் பார். ஒரு கடையில் விலை கூட என்றால் அடுத்த கடைக்குப் போ, போட்டி இருக்கிற நாடுதானே.

போட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க வியாழக்கிழமை வரும் ஃபிளையர் கட்டை எடுத்து மேசையில் விரித்து, ஒவ்வொரு கடைக்கும் பின்னால் யார் என்று பிரித்து அடுக்கினால் போதும். மஞ்சள் நிற நோ ஃப்ரில்ஸ், லோப்லோ நிறுவனத்தின் கடை. சுப்பர்ஸ்டோர், ஃபோர்டினோஸ், சேர்ஸ், வலுமார்ட், எல்லாம் லோப்லோ. சீனர் நடத்தும் கடை என்று நாங்கள் மீன் வாங்கப் போகும் டி அன்ட் டி 2009இல் இருந்து லோப்லோ. பால் முடிந்துவிட்டால் இரவில் ஓடிப்போகும் ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட்டும் 2014இல் இருந்து லோப்லோ. அடுத்த குவியல்: ஃபுட் பேசிக்ஸ் மெற்றோவின் கடை, அரபுச் சாமானுக்குப் பேர்போன அடோனிஸும் மெற்றோவின் கையில். மூன்றாவது குவியல் சோபீஸ்: ஃபிரெஷ்கோ, ஃபாம் போய், லோங்கோஸ். கறிவேப்பிலையும் ஆட்டா மாவும் அடுக்கித் தெற்காசியர்களைக் குறிவைத்துத் திறந்த சலோ ஃபிரெஷ்கோவும் அதே வீட்டுப் பிள்ளைதான். பத்துப் பன்னிரண்டு பெயர், மூன்று குவியல். ‘மலிவுக் கடை’, ‘விலை கூடின கடை’ என்று நாங்கள் பிரித்துப் பேசுவதில் பாதி, ஒரே முதலாளியின் வலது பைக்கும் இடது பைக்கும் இடையிலான வித்தியாசம்.

கனடாவின் போட்டிப் பணியகம் 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் உறைக்கச் சொன்னது. 1986இல் குறைந்தது எட்டுப் பெரிய சங்கிலிக் கடைகள் தனித்தனி உரிமையாளர்களிடம் இருந்தன. இன்று அவையெல்லாம் இந்த மூன்று நிறுவனங்களுக்குள் போய்விட்டன. மூன்றோடு வோல்மார்ட்டையும் கொஸ்கோவையும் சேர்த்தால், நாட்டில் விற்கும் உணவில் முக்கால் பங்குக்கு மேல் ஐந்து நிறுவனங்களின் கல்லாவுக்குள் போகிறது. இது தானாக நடந்த காரியமில்லை. இரண்டு நிறுவனங்கள் இணைவதால் போட்டி குறைந்து விலை ஏறும் என்று தெரிந்தாலும், இணைப்பால் மிச்சமாகும் செலவு அதைவிடப் பெரிது என்று காட்டினால் தடுக்க முடியாத ஒரு வழி கனடாவின் சட்டத்தில் இருந்தது. அந்த வழியை 2023 டிசம்பரில்தான் அடைத்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சரி, மூன்று குவியலுக்குள்ளும் தேடி அலையலாம் என்றே வைத்துக்கொள்வோம். அலைவதற்குக் கார் வேண்டும். கார் இல்லாதவர் பஸ்ஸில் போகிறார். ரொறன்ரோவில் ஒரு பயணத்துக்கு 3.30 டொலர்; இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பி ஏறினால் அதே கட்டணத்தில் வரலாம். அதனால் கடைக்குள் நின்று விலை ஒப்பிடுகிற பெண் அடிக்கடி ஃபோனில் நேரம் பார்க்கிறார். பனிக்காலத்தில் நாலு லீற்றர் பால் பையும் அரிசியும் நிறைந்த இழுவண்டியை, பனி அகற்றப்படாத நடைபாதையில் பஸ் தரிப்புவரை இழுத்துக்கொண்டு வருகிறவரிடம் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கச் சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். கொஸ்கோவில் மொத்தமாய் வாங்கு என்கிறார்கள். ஆண்டுக்கு 65 டொலர் அங்கத்துவக் கட்டணம், ஏற்றிவரக் கார், வைக்க ஃபிரீசர். நாலு பேர் சேர்ந்திருக்கும் பேஸ்மென்டில் ஒருவருக்கு ஃபிரிட்ஜில் ஒரு தட்டுத்தான். மலிவாய் வாங்கவும் முதல் வேண்டும்.

சிக்கனத்தையே பதம் பார்த்த கதையும் உண்டு. காலாவதித் திகதி நெருங்கிய இறைச்சி, பாண், மரக்கறிகளுக்கு அரைவிலை ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். ஸ்டிக்கர் ஒட்டுகிற பையன் எத்தனை மணிக்கு இறைச்சிப் பகுதிக்கு வருவான் என்று தெரிந்துவைத்து, அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, எதையோ தேடுகிற மாதிரி நிற்கிறவர்களை எந்தக் கடையிலும் பார்க்கலாம். 2024 ஜனவரியில் லோப்லோ அந்த 50 வீதக் கழிவை 30 வீதமாகக் குறைக்க முனைந்தது. போட்டிக் கடைகள் செய்கிற மாதிரியே நாங்களும் செய்கிறோம் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. போட்டி என்பது விலையைக் குறைக்க வேண்டிய ஒன்று என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம்! சனம் கொதித்தெழுந்த பிறகு நிறுவனம் பின்வாங்கியது. ஊதாரிகளுக்கா அந்த முடிவால் நட்டம் வந்திருக்கும்? ஊதாரி அரைவிலை ஸ்டிக்கர் தேடுவதில்லை.

அதற்கு முன், 2022 ஒக்டோபரில், தன் சொந்த முத்திரையான நோ நேம் சாமான்கள் 1,500இன் விலையை அடுத்த ஜனவரி முடியும்வரை ஏற்றமாட்டோம் என்று அதே நிறுவனம் பெரிதாய் அறிவித்தது. சனத்துக்குச் செய்யும் உபகாரம் என்ற தோரணை. குளிர்காலத்தில், நவம்பர் தொடக்கம் பெப்ரவரி முதல் வாரம்வரை, விலை ஏற்றாமல் வைத்திருப்பது இந்தத் தொழிலின் வழமைதான் என்று மெற்றோ சொல்லியதும் தோரணை கலைந்தது.

பெரிய கடையை விடு, தமிழ்க் கடைக்குப் போ என்பது அடுத்த யோசனை. போகிறோம்தான். கத்தரிக்காய், வெண்டிக்காய், கீரை, மீன், செத்தல் மிளகாய் எல்லாம் அங்கே பெரும்பாலும் மலிவு. அந்தக் கடைகள் இல்லையென்றால் ஸ்காபரோவின் பாதிச் சமையலறைகள் திண்டாடியிருக்கும். ஆனாலும் தமிழ்க் கடைக்காரரும் இதே உலகத்தில்தான் வியாபாரம் செய்கிறார். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத பச்சையரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. ஓகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 வீத ஏற்றுமதி வரி போட்டது. அரிசி மூட்டைகளைச் சனம் வண்டிவண்டியாய் அள்ளியது, ஆளுக்கு இவ்வளவுதான் என்று கடைகள் மட்டுப்படுத்தின, விலை ஏறியது. அப்போதும் மண்டபத் தீர்ப்பு மாறவில்லை: ஒருசாரார் அள்ளிய சனத்தைத் திட்டினார்கள், மறுசாரார் கடைக்காரரைத் திட்டினார்கள். புதுடில்லியில் எடுத்த முடிவு ஸ்காபரோச் சோற்றுப் பானைக்குள் விழுந்ததைப் பற்றிப் பேசியவர் குறைவு. பால், முட்டை, கோழி விலையும் தமிழ்க் கடைக்காரரின் கையில் இல்லை. எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்று கோட்டா வைத்து, வெளிநாட்டுப் பாலுக்கு இருநூறு வீதத்துக்கு மேல் தீர்வை போட்டுக் காக்கும் முறை இந்த நாட்டில் எழுபதுகளிலிருந்து நடக்கிறது. விவசாயியைக் காப்பாற்றும் அந்த முறைக்கு நல்ல நியாயங்கள் உண்டு. அதன் செலவைப் பால் வாங்குகிறவரே சுமக்கிறார் என்பதும் அதே அளவுக்கு உண்மை. 2022 பெப்ரவரியில் பண்ணைப் பாலின் விலையை ஒரே தடவையில் 8.4 வீதம் உயர்த்தினார்கள். அதை எந்தக் கூப்பன் ஈடுகட்டும்?

கடைக்காரர்களின் தரப்பு வாதத்தையும் தள்ளிவிட முடியாது. நூறு டொலர் விற்றால் எங்களுக்கு மூன்றோ நாலோ டொலர்தான் மிஞ்சுகிறது, இதில் கொள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். உக்ரைன் போர், பறவைக் காய்ச்சல், மேற்கு ஆபிரிக்காவில் பொய்த்த கொக்கோ விளைச்சல், பிரேசிலின் வறட்சி, இறங்கிய கனடிய டொலர், எல்லாம் உண்மையான காரணங்கள். போட்டிப் பணியகமும் விலையேற்றம் முழுவதையும் கடைகளின் தலையில் போடவில்லை. அது சொன்னது இவ்வளவு: 2017இலிருந்து உணவு விற்பனையில் இந்த நிறுவனங்களின் மொத்த இலாப விகிதம் ஒன்றிலிருந்து இரண்டு வீதப் புள்ளி வரை கூடியிருக்கிறது, போட்டி கடுமையாய் இருந்திருந்தால் அப்படிக் கூட்ட முடிந்திருக்காது. 2022இல் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 100 பில்லியன் டொலருக்கு மேல் விற்று 3.6 பில்லியன் டொலர் இலாபம் பார்த்தன. இந்த அளவு வியாபாரத்தில் ஒரு வீதம் என்பது சில்லறை இல்லை. அரசியல்வாதிகளுக்குப் பிடித்த இன்னொரு காரணம் கரிவரி. நுகர்வோர் கரிவரி 2025 ஏப்ரல் 1ஆம் திகதி போயே போய்விட்டது. அதற்குப் பிறகும் கடை விலை எந்தப் பக்கம் போனது என்று நவம்பர்க் கணக்கை மேலே பார்த்தோம்.

இந்தக் காரணங்களில் எது எவ்வளவு என்று பொருளியலாளர்கள் சண்டை பிடிக்கட்டும். எந்தப் பட்டியலிலும், யாருடைய கணக்கிலும், குடும்பத் தலைவியின் ஊதாரித்தனம் என்று ஒரு வரி இல்லை. ரொறன்ரோவின் உணவு வங்கிகளுக்கு 2024 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் சனம் 3.49 மில்லியன் தடவை போயிருக்கிறது. அடுத்த ஆண்டு 4.1 மில்லியன். 2024 மார்ச்சில் மட்டும் நாடெங்கும் உணவு வங்கிகளுக்கு இரண்டு மில்லியனுக்கு மேற்பட்ட வருகைகள். 2019 மார்ச்சோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இரு மடங்கு. வருகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேலைக்குப் போய்ச் சம்பளம் எடுக்கிறவர். ஐந்தே ஆண்டுகளுக்குள் இத்தனை குடும்பங்களும் ஒரே நேரத்தில் பட்டியல் எழுத மறந்துவிட்டனவா?

பாண் கதையைக் கடைசிக்கு வைத்திருந்தேன், ஏனென்றால் சிக்கன வாதத்துக்கு அதில் மறுமொழி இல்லை. 2017 டிசம்பரில் லோப்லோவும் அதன் தாய் நிறுவனமான ஜோர்ஜ் வெஸ்டனும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டன: 2001 கடைசியிலிருந்து 2015வரை, ஏறத்தாழப் பதினாலு ஆண்டுகளாகப் பாண் விலையைக் கூட்டாகப் பேசி ஏற்றும் ஏற்பாட்டில் தாங்கள் இருந்தோம் என்று. முதலில் போய்ச் சொன்னதால் அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் குற்ற வழக்கிலிருந்து விலக்குக் கிடைத்தது. புலனாய்வாளர்கள் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணம் ஏற்பாட்டின் நுணுக்கத்தையும் விவரிக்கிறது: மொத்த விலையில் ஏழு சதம் ஏற்றம், சில்லறை விலையில் பத்துச் சதம் ஏற்றம். தயாரிப்பாளருக்கு ஏழு, கடைக்கு மூன்று. ஒரு பாணில் பத்துச் சதம் யார் கண்ணுக்குப் படும்? ஆண்டுக்கொரு பத்துச் சதம் என்றாலும் பதினாலு ஆண்டில் எங்கே போய் நிற்கும் என்று கூட்டிப் பாருங்கள். இன்னொரு தயாரிப்பாளரான கனடா பிரெட் 2023 ஜூனில் குற்றத்தை ஏற்று 50 மில்லியன் டொலர் அபராதம் கட்டியது. விலைக்கூட்டுக்காகக் கனடிய நீதிமன்றம் ஒன்று அதுவரை விதித்தவற்றில் அதுவே பெரிய தொகை. 2024 ஜூலையில் லோப்லோவும் வெஸ்டனும் வாடிக்கையாளர் தொடுத்த வழக்குகளை 500 மில்லியன் டொலருக்குத் தீர்க்கச் சம்மதித்தன. மற்றச் சங்கிலிக் கடைகள் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று மறுக்கின்றன.

தொண்ணூறுகளில் வந்து இரண்டு வேலை செய்த அந்த மனிதரை இதற்குள் வைத்துப் பாருங்கள். இரண்டாயிரங்களில் அவர் ஃபிளையர் பார்த்தார், பட்டியல் எழுதினார், மூன்று கடையிலும் பாண் விலை ஒரே மாதிரி இருந்ததைக் கண்டு, இதுதான் சந்தை விலை என்று நம்பி வாங்கினார். சிக்கனத்தில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. ஏறிய பத்துச் சதங்களை ஒவ்வொரு பாணுக்கும் கட்டித்தான் வந்தார். ஊதாரிக்கும் அவருக்கும் அந்தப் பத்துச் சதத்தில் வித்தியாசமே இருக்கவில்லை. 2018இல் இதற்காக லோப்லோ கொடுத்த 25 டொலர் கடைக் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தால் அது கிடைத்திருக்கும், அதையும் அதே நிறுவனத்தின் கடையில்தான் செலவழித்திருக்க வேண்டும்.

இவ்வளவும் நடந்த நாட்டில் சனத்தின் சமையலறையை நோக்கி விரல் நீட்டுவதால் யாருக்கு லாபம்? உதவி கேட்கக் கூச்சப்பட்டு, உணவு வங்கிக்குப் போவதைச் சொந்தக்காரருக்கு மறைத்து, பக்கத்து நகரத்துக்குப் பஸ் ஏறிப் போகிற குடும்பங்களுக்கு இல்லை. விரல் அந்தப் பக்கம் இருக்கும்வரை பெரிய கடைகளின் குத்தகைப் பத்திரங்களை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. ஒரு பிளாசாவில் பெரிய கடை ஒன்று இருந்தால், அதே பிளாசாவில் இன்னொரு உணவுக் கடைக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று கட்டட உரிமையாளரைக் கட்டிப்போடும் நிபந்தனைகள் இந்த நாட்டின் குத்தகைகளில் நிறைய உண்டு. கடையை மூடிவிட்டுப் போன பிறகும் அந்த நிலத்தில் வேறு உணவுக் கடை வராதபடி பத்திரத்தில் எழுதிவைப்பதும் உண்டு. போட்டிப் பணியகம் இவற்றை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறது. மனிடோபா மாகாணம் 2025இல் இவற்றுக்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. ஒன்ராறியோவில் தேர்தல் வந்தால் எங்கள் வேட்பாளர்கள் வணக்கம் சொல்லிக்கொண்டு கதவைத் தட்டுகிறார்கள், தைப்பொங்கல் மேடையில் வேட்டியோடு பானைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். மனிடோபா செய்ததை ஒன்ராறியோ ஏன் செய்யவில்லை என்று அடுத்த தடவை அவர்களிடம் கேட்கலாம், மண்டபத்தில் தீர்ப்புச் சொல்கிறவரையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு.